டிவி சமையல் செட்டில் ஆம்பூர் பிரியாணி: என்ன கொண்டு போகணும், எங்கே சொதப்பும்?

#1 காட்பாடி_தேவி
எல்லாருக்கும் வணக்கம். எங்க மகளிர் குழுவுக்குச் சென்னையில ஒரு டிவி சமையல் நிகழ்ச்சியில ஒரு எபிசோட் கிடைச்சிருக்கு. செட் பூந்தமல்லி பக்கம். ரெண்டு பேர் சமைக்கணும், நாலு பேர் பார்வையாளரா உட்காரலாம். செய்யப்போறது ஆம்பூர் மட்டன் பிரியாணி, அதுக்குத் தொட்டுக்க முள்ளுக் கத்தரிக்காய் கட்டா, கடைசியா இனிப்புக்கு ஆற்காடு மக்கன் பேடா. விளம்பரம் போக 22 நிமிஷ எபிசோட். ஷூட்டிங் காலை 9 மணிக்கு.

தெரிஞ்சுக்க வேண்டியது: 22 நிமிஷத்துல தம் எப்படிப் போடுறது? பாத்திரம், அடுப்பு எல்லாம் அங்கேயே இருக்குமா? எந்தப் புடவை கட்டணும், எந்த நகை போடக்கூடாது? செட் வேலை, கேமரா வேலை தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

#2 குடியாத்தம்_மாலதி
தேவி அக்கா, வாழ்த்துகள். கேமராவுக்குப் பின்னாடி நடக்கிற சமையல் தயாரிப்பைப் பத்தி எழுதுறேன்.

22 நிமிஷ எபிசோடுக்கு அஞ்சாறு மணி நேரம் படம் பிடிப்பாங்க. அதுல நிஜமா அடுப்பு எரியுற நேரம் பாதிகூட வராது. மிச்சமெல்லாம் லைட் மாத்துறது, மைக் சரி பண்றது, கிட்டத்துல வெச்சு எடுக்கிற இன்சர்ட் ஷாட், மறுபடி பேசுறது. அதனால ஒவ்வொரு அயிட்டமும் ஒரே நேரத்துல மூணு நிலையில தயாரா இருக்கணும். பச்சையா வெட்டி அளந்து வெச்சது ஒண்ணு, பாதி வெந்தது ஒண்ணு, முழுசா முடிஞ்சது ஒண்ணு. வீட்டுல பார்க்கிறவங்களுக்கு ஒரே பாத்திரம் மாதிரி தெரியும். செட்டுல அது மூணு பாத்திரம். அதனால மூணும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கைப்பிடியா இருக்கணும். ஒண்ணுல நசுங்கல் இருந்தா அடுத்ததுலயும் இருக்கணும்னு சொல்ற அளவுக்குப் பார்ப்பாங்க.

அழகா மேடை, சிங்க், ஓவன், அலமாரி எல்லாம் இருக்கும். அதை நம்பிப் போகாதீங்க. பெரும்பாலான செட்டுல சிங்க் குழாய்க்குத் தண்ணீர் இணைப்பே இருக்காது, ஓவன் வெறும் முகப்பு, அலமாரிக் கதவைத் திறக்க முடியாதபடி ஆணி அடிச்சிருப்பாங்க. சுவர் மூணு பக்கம்தான், நாலாவது பக்கம் கேமரா. மேலே கூரைக்குப் பதிலா லைட் தொங்குற கம்பி. கை கழுவ, கரண்டி அலச, அரிசி வடிக்க எல்லாத்துக்கும் பின் சமையலறைக்குத்தான் ஓடணும்.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு இதைக் கேட்டு எழுதி வெச்சுக்கோங்க: மேடையில இருக்கிறது காஸா இண்டக்ஷனா, எத்தனை பர்னர், பின் சமையலறை எத்தனை அடி தூரம், அங்கே தனி அடுப்பு எத்தனை, ஃப்ரிட்ஜ் இருக்கா, உதவிக்கு ஆள் உண்டா. காஸா இண்டக்ஷனாங்கிறதை வெச்சுத்தான் மத்ததெல்லாம் முடிவாகும்.

#3 ஆம்பூர்_தேக்சா
தங்கச்சி, மாலதி சொன்னது நூத்துக்கு நூறு. பிரியாணிக்கு வெக்கிற நம்ம தேக்சா செம்புல கலாய், அதாவது வெள்ளீயம், பூசினது, இல்லைன்னா கனமான அலுமினியம். ரெண்டுமே சாதாரண இண்டக்ஷன்ல சூடாகாது. அடியில ஃப்ரிட்ஜ் காந்தம் ஒட்டினாத்தான் இண்டக்ஷனுக்கு ஆகும். இதைக் கேட்காம தேக்சாவைத் தூக்கிட்டுப் போனா அங்கே போய் முழிக்கணும்.

இண்டக்ஷன்தான்னு பிடிவாதமா சொன்னா, அடி கனமான, காந்தம் ஒட்டுற எவர்சில்வர் பாத்திரம் எடுங்க. அப்பவும் ஒரு சிக்கல் இருக்கு. காயில் அகலம் ஏறக்குறைய ஒரு ஜாண்தான். பாத்திரம் அதைவிட அகலமா இருந்தா நடுவுல பிடிக்கும், ஓரம் வேகாது. சிம்ல வெச்சா நம்ம அடுப்பு மாதிரி ஒரே சீரா எரியாது, விட்டு விட்டுச் சூடு ஏறும். மசாலா அடி பிடிக்கிறதும் தம் ஒழுங்கா ஏறாம போறதும் அதனாலதான். காஸ் கேளுங்க. குறைஞ்சது பின் சமையலறையிலயாவது காஸ் கேளுங்க.

ஒரு பாத்திரத்துக்கு அளவு தரேன். கறி 1 கிலோ, சீரக சம்பா 1 கிலோ. வெங்காயம் 500 கிராம், தக்காளி 400, இஞ்சி 100, பூண்டு 150, எண்ணெய் 200 மில்லி, புளிக்காத தயிர் 150 மில்லி, புதினா ஒரு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சை 1. பட்டை, கிராம்பு, ஏலக்காய் தலா நாலஞ்சு, அதுக்கு மேல வேண்டாம். நம்ம பிரியாணி மசாலா வாசனையில நிக்கிறதில்ல, மிளகாய் விழுதுலயும் பூண்டுலயும்தான் நிக்குது. காய்ஞ்ச நீட்டு மிளகாய் 30 கிராம், காம்பும் விதையும் எடுத்துட்டு, வெந்நீர்ல அரை மணி ஊறவெச்சு, தோல் திப்பி தெரியாம மைய அரைக்கணும். மிளகாய்த்தூள் போட்டா அது வேற பிரியாணி.

எண்ணெய் காய்ஞ்சதும் பட்டை வகையறா, பிறகு பூண்டு விழுது. பூண்டு பச்சை வாசம் போன பிறகு இஞ்சி விழுது. அப்புறம் மிளகாய் விழுது, கறி. கறி நிறம் மாறி எண்ணெய் மேல தெரியுறப்ப வெங்காயம், தக்காளி, தழை, தயிர், உப்பு. இளம் ஆடுன்னா 45 நிமிஷம், கொஞ்சம் முத்தினதுன்னா ஒரு மணி நேரம். கறி வேகறப்ப தண்ணீர் கம்மியா விடுங்க. அரிசி சேர்க்கிற நேரத்துல கிரேவி கரண்டியில இருந்து தடிமனா வழியணும். தண்ணியா இருந்தா தம்ல அரிசி குழையும்.

அரிசி 20 நிமிஷம் ஊறினாப் போதும். தனியா 5 லிட்டர் தண்ணீர் கொதிக்கவெச்சு, உப்பு கடல் தண்ணி மாதிரி கரிக்கணும், அரிசியைப் போட்டு மறுபடி கொதி வந்ததுல இருந்து 5 நிமிஷம். ஒரு அரிசியை எடுத்து நசுக்கினா நடுவுல ஊசி முனை அளவு வெள்ளையா நிக்கணும். அந்தப் பதத்துல வடிச்சு கிரேவியில கொட்டி, எலுமிச்சை பிழிஞ்சு, அடியில இருந்து ரெண்டே புரட்டு. மூடி, ஆவி போகாம ஓரத்தை மாவு வெச்சு அடைச்சு, 20 நிமிஷம் தம். அடுப்பை அணைச்சு 10 நிமிஷம் கை வைக்காதீங்க.

நிறத்துக்குக் கலர் பொடி போடச் சொல்லி யாராவது கேட்டா மறுத்துடுங்க. பிரியாணியில செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதியில இடமில்லை, நம்ம பிரியாணிக்குத் தேவையும் இல்லை.

#4 காட்பாடி_தேவி
ரொம்ப நன்றி பாய். போன் பண்ணிக் கேட்டேன். மேடையில இண்டக்ஷன், பின் சமையலறையில ரெண்டு பெரிய காஸ் பர்னர். மூடி மேல கரி நெருப்பு போடலாமான்னு கேட்டதுக்கு முடியாதுன்னுட்டாங்க. அப்போ தம்?

#5 ஃப்ளோர்_உதவி
கரி வேண்டாம்னு சொல்றது நியாயம்தான் மேடம். செட் முழுக்க பிளைவுட், துணி, தெர்மாகோல். மேலே லைட் வயர். கதவு ரெண்டும் சாத்தியிருக்கிற ஹால்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு வாசனை இல்லை, தலைவலி வர்றப்பத்தான் தெரியும். யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிச்சாலும் நீங்க ஒத்துக்காதீங்க.

எண்ணெய் காயுற நேரத்துல தீயணைப்பு சிலிண்டர் எங்கே இருக்குன்னு ஒரு தடவை கண்ணால பார்த்து வெச்சுக்கோங்க. பேடா பொரிக்கிறதும் இதே செட்டுலதானே.

மின்சாரம் பத்தி ஒண்ணு. இண்டக்ஷன் ஒவ்வொண்ணும் 2 கிலோவாட் இழுக்கும். ரெண்டையும் ஒரே 16 ஆம்பியர் பிளக் லைன்ல போட்டா ட்ரிப் ஆகும், நடு டேக்ல ஆகும். ஒவ்வொண்ணுக்கும் தனி லைன் கொடுக்கச் சொல்லி முதல் நாளே கேளுங்க. 5 லிட்டர் தண்ணீர் இண்டக்ஷன்ல கொதிக்க 15 நிமிஷம் போயிடும். கொதிக்கிற தண்ணியைப் பின்னாடி காஸ்ல தயார் பண்ணி மேடைக்குக் கொண்டு வர்றதுதான் வழக்கம்.

#6 ஆம்பூர்_தேக்சா
கரி இல்லாம தம் போடலாம். காஸ்ல கனமான இரும்புத் தோசைக்கல்லைப் போட்டு நல்லாக் காயவிடுங்க, அது மேல தேக்சா, தீ ரொம்பச் சின்னதா. மூடி மேல கொதிக்கிற தண்ணீர் நிரப்பின பாத்திரம். மேல் சூடும் கிடைக்கும், கனமும் கிடைக்கும். கரி தர்ற அளவுக்கு மேல்பக்கம் காயாது, அதனால தம் 20-க்குப் பதில் 25 நிமிஷம் வைங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். மூணு பாத்திரம் மாத்துறதுன்னு மாலதி எழுதினாங்க. கறி வேகறதைக் காட்ட மாத்துறது சரி. தம் திறக்கிற காட்சிக்கு, ஏற்கெனவே திறந்து பார்த்த பாத்திரத்தை மறுபடி மூடி வெச்சுத் திறந்து காட்டுறது எனக்குச் சம்மதமில்லை. அது பார்க்கிறவங்களை ஏமாத்துறது. ஒருதடவை திறந்தா ஆவி போயிடும், மேல் அரிசி வறண்டு போகும், கேமராவுலயும் அது தெரியும்.

#7 குடியாத்தம்_மாலதி
பாய், தம் விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். ஆனா இயக்குநர் ஒரே டேக்ல திருப்திப்படுவார்னு உறுதி கிடையாது. மூடி திறக்கிறப்ப ஃபோகஸ் தவறலாம், யாராவது இருமலாம். அப்போ கையில இன்னொரு தேக்சா சீல் உடைக்காம இருக்கணும். அதனால கணக்கு இப்படி: ஒண்ணு மேடையில ஆரம்பத்துல இருந்து கறி வதக்கிக் காட்ட. ஒண்ணு கறி வெந்து, அரிசி கொட்டிப் புரட்டிக் காட்ட. தம் திறக்க ரெண்டு, ரெண்டுமே நிஜமா தம் ஏறினது, மாவு காய்ஞ்சு ஒட்டினது. மொத்தம் நாலு. முதல் டேக் நல்லா வந்துட்டா நாலாவதைச் செட்டுல வேலை செய்ற லைட் அண்ணன்களுக்குப் பரிமாறுங்க, அந்த நாள் முழுக்க உங்களுக்கு எல்லா உதவியும் நடக்கும்.

நாலு பாத்திரத்துக்குக் கறி 4 கிலோ, கிட்டத்துல காட்ட தனியா அரை கிலோ நல்ல துண்டு. அரிசி நாலரை. வெங்காயம் 2 கிலோ பத்தாது, வெட்டுற ஷாட் மறுபடி எடுத்தா மறுபடி முழு வெங்காயம் வேணும், 3 கிலோ எடுங்க. புதினா, மல்லி வாடிடும்; ஈரத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க, லைட் கீழே வைக்கிற கட்டைக் கடைசி நிமிஷத்துல மாத்துங்க.

பாத்திர அளவும் முக்கியம். 1 கிலோ அரிசியும் 1 கிலோ கறியும் வெந்து முடிஞ்சா சுமார் 5 லிட்டர் இடம் எடுக்கும். 7 லிட்டர் தேக்சாவுல முக்கால் பங்கு நிறைஞ்சு தெரியும். ஊர் விருந்துக்கு வெக்கிற பெரிய தேக்சாவை எடுத்துட்டுப் போனா, மேலேயிருந்து எடுக்கிற கேமராவுல அடியில கொஞ்சம் ஒட்டின மாதிரிதான் தெரியும்.

#8 ஆம்பூர்_தேக்சா
ரெண்டும் நிஜ தம்னா எனக்குப் பூரண சம்மதம். அப்போ நேரக் கணக்கைச் சரியாப் போடுங்க. சீல் போட்ட தேக்சா அடுப்பை விட்டு இறக்கின பிறகு அரை மணி, மிஞ்சினா 40 நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல போனா அடி அரிசி ஈரம் இழுத்துக் குழைஞ்சு, மேலே உதிரியா கீழே களியா ரெண்டு நிறத்துல நிக்கும்.

ஷூட்டிங் எப்பவும் தள்ளிப் போகும், அதனால எந்த இடத்துல நிறுத்தி வெக்கலாம்னு தெரிஞ்சுக்கோங்க. கறி கிரேவி வெந்ததோட நிறுத்தலாம், மிதமான சூட்டுல ஒரு மணி நேரம்கூட நிக்கும், வத்திப் போனா கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சரி பண்ணலாம். வடிச்ச அரிசியோட நிறுத்தவே கூடாது, பத்து நிமிஷத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஊறுற அரிசியும் அரை மணிக்கு மேல ஊறினா கொதியில உடையும். தாமதம்னு தெரிஞ்சா உடனே தண்ணியை வடிச்சு வெள்ளைத் துணியில பரப்பி வெச்சுடுங்க. லைட் எல்லாம் ஆச்சு, அடுத்தது தம் காட்சின்னு ஃப்ளோர்ல இருந்து சொன்ன பிறகுதான் அரிசி கொதியில விழணும். அந்த நிமிஷத்துல இருந்து திறக்கிறதுக்கு 45 நிமிஷம் வேணும்னு அவங்ககிட்ட முன்னாடியே தெளிவாச் சொல்லிடுங்க.

#9 காட்பாடி_தேவி
45 நிமிஷம், குறிச்சுக்கிட்டேன். அந்த நேரத்துல கத்தரிக்காயும் பேடாவும் எடுத்துக்கச் சொல்லலாம் இல்லையா?

#10 குடியாத்தம்_மாலதி
அதேதான் அக்கா. வரிசையை நீங்களே எழுதிக் கொடுங்க, அவங்க சந்தோஷமா எடுத்துப்பாங்க.

திறக்கிற காட்சி பத்திக் கொஞ்சம் கிட்டத்துல சொல்றேன், ஏன்னா எபிசோடோட உயிரே அங்கதான். மாவு 25 நிமிஷச் சூட்டுல பிஸ்கட் மாதிரி இறுகியிருக்கும். கத்தி முனையை மூடிக்கும் மாவுக்கும் நடுவுல விட்டுச் சுத்தி வாங்க. நெம்பினா மாவுத் துண்டு தெறிச்சு உள்ளே விழும், வெள்ளை அரிசியில அது பளிச்சுனு தெரியும். முழு வட்டமும் விட்டுப் போன பிறகு மூடியை உங்க பக்கத்து ஓரத்துல தாழ்த்தி, எதிர் ஓரத்தை முதல்ல தூக்குங்க. அப்போ ஆவி உங்க முகத்துல அடிக்காது, கேமரா பக்கம் எழும்பும். மூடியில கோர்த்திருக்கிற தண்ணீர் அரிசியில சொட்டாம இருக்க, இடது கையில மடிச்ச துணி வெச்சு உடனே ஓரமா வாங்கிடுங்க. தூக்கின கையை நகர்த்தாம மூணு எண்ணுற வரைக்கும் நிறுத்துங்க. அந்த மூணு எண்ணிக்கைதான் ஆவி படத்துல வர்ற நேரம்.

ஆவி தெரியணும்னா பாத்திரத்துக்குப் பின்னாடி இருந்து வெளிச்சம் வரணும், பின்புலம் இருட்டா இருக்கணும். முன் வெளிச்சம் மட்டும் இருந்தா எவ்வளவு ஆவி வந்தாலும் தெரியாது. பின் லைட் ஒண்ணு போடச் சொல்லிக் கேளுங்க. மேலேயிருந்து எடுக்கிற கேமரா லென்ஸ் ஏசி குளிர்ச்சியில இருக்கும், சூடான ஆவி நேரா பட்டதும் பனி படிஞ்சு ஷாட் போயிடும். அவங்களே அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பாங்க. வைக்கலைன்னா நினைவுபடுத்துங்க.

வெள்ளைத் தட்டு வேண்டாம். வெள்ளை அரிசி, வெள்ளைத் தட்டு, மேல லைட்டுன்னா எல்லாம் வெளுத்துப் போகும். வாழையிலை நல்லது, ஆனா ஈரத்தை முழுக்கத் துடைங்க, இல்லைன்னா லைட் அதுல பளிச்சிட்டு இலை நடுவுல வெள்ளைத் திட்டு விழும். நுனி சாப்பிடுறவருக்கு இடது பக்கம் வரணும். கேமரா எதிர்ப்பக்கம் நிக்கிறதால உதவியாளர் குழம்பி மாத்தி வெச்சுடுவார், ஒளிபரப்பானதும் ஊர் முழுக்க அதைத்தான் சொல்லும்.

#11 ஒலிப்பெட்டி
சத்தம் பத்தி யாரும் எழுதலை, நான் எழுதுறேன்.

கண்ணாடி வளையல், முத்து வெச்ச வளையல், சலங்கைக் கொலுசு வேண்டாம். வெங்காயம் நறுக்குறப்ப ஒவ்வொரு வெட்டுக்கும் வளையல் சத்தம் பேச்சு மேல ஏறும், அப்புறம் அதைப் பிரிச்சு எடுக்க முடியாது. மெல்லிய ஒத்தை வளையல் போதும். காலையில எந்த மோதிரம் போட்டீங்களோ அதே மோதிரம் கடைசி வரைக்கும் இருக்கணும். கை மட்டும் தெரியுற இன்சர்ட் ஷாட்டை மத்தியானம் எடுப்பாங்க, அதுல மோதிரம் இல்லைன்னா கை மாறின மாதிரி இருக்கும்.

காலர் மைக்கை முந்தானை மடிப்புல குத்துவாங்க. பட்டு, ஆர்கன்சா மாதிரி விறைப்பான துணி சரசரன்னு உரசி மைக்ல கேட்கும். கைத்தறிப் பருத்தி நல்லது. டிரான்ஸ்மிட்டர் பெட்டி இடுப்புல வரும், அதுக்குத் தகுந்த மாதிரி பாவாடை நாடா இறுக்கமா இருக்கட்டும். நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் போட்ட புடவை வேண்டாம், திரையில அலை அலையா மினுங்கும். பச்சைத் திரை வெச்சு எடுக்கிற பகுதி இருக்கான்னு கேட்டுட்டுப் பச்சைப் புடவையை முடிவு பண்ணுங்க. தூய வெள்ளையும் கறுப்பும் கேமராவுக்குக் கஷ்டம்.

டேக் நடக்கிறப்ப புகைபோக்கி விசிறியை அணைச்சுடுவாங்க, சில நேரம் ஏசியையும். மிளகாய் விழுது எண்ணெயில விழுந்தா கமறல் ஹால் முழுக்க நிக்கும், பேசுறவங்களுக்கும் தொண்டை பிடிக்கும். விழுது ஈரமா இருந்தா கமறல் கம்மி. மிளகாய் போடுறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சுட்டுப் போடுங்க. மிக்ஸி ஓடுறப்ப பேசாதீங்க. தாளிக்கிற சத்தம், கரண்டி சத்தம் எல்லாம் பேச்சு இல்லாம தனியா ஒருதடவை பதிவு பண்ணுவாங்க. அப்போ செட்டுல இருக்கிற எல்லாரும் மூச்சுக்கூட மெதுவா விடணும்.

#12 இலவம்பாடி_தோட்டம்
கத்தரிக்காய் பத்தி எழுதலாம்னு வந்தேன் அம்மா. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்ங்கிற பேர்ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதனால கேமரா முன்னாடி காம்பைக் காட்டாம நறுக்கிடாதீங்க. காம்புலயும் காய் மேல தொப்பி மாதிரி இருக்கிற பச்சை இதழ்லயும் முள்ளு நிக்கும், அதுதான் இதோட அடையாளம். ஒரு காயைக் காம்போட கையில எடுத்து மெதுவாத் திருப்பிக் காட்டுங்க. மத்ததுல முள்ளை முன்னாடியே கத்தரிக்கோலால நறுக்கி வெச்சுடுங்க, அவசரத்துல பிடிச்சா விரல்ல ஏறும்.

முதல் நாள் சாயங்காலம் பறிச்சதை வாங்குங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்ச காய் தோல் சுருங்கி, உள்ளே விதை பழுப்பாகும். நறுக்கினது காத்துப் பட்டா அஞ்சு நிமிஷத்துல கறுக்க ஆரம்பிக்கும், உப்புப் போட்ட அரிசி களைஞ்ச தண்ணியில முழுக வைங்க. எண்ணெயில போடுறதுக்கு முன்னாடி துணியில ஒத்தி எடுக்கணும், ஈரத்தோட போட்டா எண்ணெய் கேமரா வரைக்கும் தெறிக்கும்.

அரைக் கிலோ காய்க்கு எலுமிச்சை அளவு புளி, வறுத்த வேர்க்கடலை 50 கிராம், வறுத்த எள் 2 ஸ்பூன், எண்ணெய் 100 மில்லி. கடலையும் எள்ளும் சேர்த்து அரைக்கணும். இது ஆறினா இறுகும். முடிஞ்ச நிலையில காட்டுறதுக்கு வெச்சதுல கடைசியா ரெண்டு ஸ்பூன் சூடான எண்ணெய் விட்டா மறுபடி பளபளப்பு வரும்.

இன்னொண்ணு. தொகுப்பாளர் மூணையும் வேலூர் மாவட்டம்னு சொல்லிடுவார். 2019-ல பிரிச்ச பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம், இலவம்பாடி வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம். எழுதிக் கையில கொடுத்துடுங்க. மூணையும் சேர்த்துச் சொல்லணும்னா பழைய வட ஆற்காடுன்னே சொல்லலாம், 1989-ல திருவண்ணாமலை பிரியுற வரைக்கும் இதெல்லாம் ஒரே ஜில்லாதான்.

#13 ஆற்காடு_கோவா
மக்கன் பேடாவை மேடையில முழுசா செஞ்சு காட்ட நினைக்காதீங்க. பொரிக்கவே 12 நிமிஷம், பாகுல ஊற மூணு மணி நேரமாவது வேணும். பிசையுறது, பூரணம் வெச்சு உருட்டுறது, எண்ணெயில விடுறது, பாகுல இருந்து எடுக்கிறது, இந்த நாலு காட்சி போதும். ஊறினதை வீட்டுல இருந்தே பாகோட டப்பாவுல கொண்டு போங்க.

இனிப்பில்லாத கோவா 200 கிராம், மைதா 100, நெய் ஒரு ஸ்பூன், சமையல் சோடா ரெண்டு சிட்டிகை, பிசைய ஒரு ஸ்பூன் தயிர். அழுத்திப் பிசையாதீங்க, விரல் நுனியால சேர்த்தாப் போதும். உருட்டினதுல வெடிப்பு இருந்தா ஈரம் பத்தலை, பொரிக்கிறப்ப வாய் திறந்து பாதாம், முந்திரி, சாரைப்பருப்பு எல்லாம் எண்ணெயில கொட்டும். உள்ளங்கையில லேசா ஈரம் தொட்டு மறுபடி உருட்டுங்க.

எண்ணெய்ச் சூடுதான் எல்லாத்தையும் கெடுக்கும். ஒரு சின்ன உருண்டையைப் போட்டா அது அடியில போய் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு தயங்கித் தயங்கி மேல வரணும். போட்டதும் மிதந்தா சூடு அதிகம், வெளியே கறுத்து உள்ளே மாவா இருக்கும். பாகு பிசுபிசுப்பு வந்தாப் போதும், கம்பிப் பதம் போனா உள்ளே இறங்காது.

வெட்டிக் காட்டுற ஷாட்டுக்குக் கத்தியை வெந்நீர்ல முக்கித் துடைச்சு, ஒரே அழுத்தா வெட்டுங்க. ரம்பம் மாதிரி அறுத்தா பருப்பு நசுங்கிப் பூரணம் இழுபடும். லைட்டுல பத்து நிமிஷம் இருந்தா மேல பாகு சர்க்கரையா வெளுக்கும், வெதுவெதுப்பான பாகைப் பிரஷ்ல தொட்டுத் தடவினா சரியாகும்.

#14 ஃப்ளோர்_உதவி
பார்வையாளரா வர்ற நாலு பேருக்கு: செல்போனை வாங்கி வெச்சுப்பாங்க, படம் எடுக்க அனுமதி கிடையாது. தரையில டேப் ஒட்டி நம்பர் போட்டிருக்கும், அது சமைக்கிறவங்க நிக்கிற இடம், அதை மிதிச்சு டேப்பைப் பெயர்த்துடாதீங்க. வயர் மேல கால் வைக்க வேண்டாம். ஏசி குளிர் அதிகமா இருக்கும், வயசானவங்களுக்குச் சால்வை எடுங்க. உட்கார்ந்த இடத்தை நடுவுல மாத்தக் கூடாது, அடுத்த ஷாட்ல ஆள் இடம் மாறித் தெரியும். "ரோலிங்"னு குரல் கேட்டதுல இருந்து "கட்"னு சொல்ற வரைக்கும் பேச்சு கூடாது. கட் சொன்னா சமைக்கிறவங்க கையை அப்படியே நிறுத்தணும். கரண்டி எந்தக் கையில, வெங்காயம் எவ்வளவு வெட்டினது, மூடி எந்தப் பக்கம்னு ஒருத்தர் போட்டோ எடுத்துப்பார்.

காட்சிக்கு வெச்ச தட்டுல இருந்து எடுத்துச் சாப்பிடாதீங்க. பளபளப்புக்கு அதுல கிளிசரின், பச்சை எண்ணெய் எது வேணா தடவியிருக்கலாம். லைட் கீழே மணிக்கணக்கா இருந்த கறிச்சோறும் ஆபத்துதான். சாப்பிடுறதுக்குன்னு தனியாச் சூடா வெச்சதை மட்டும் சாப்பிடுங்க.

கையெழுத்து வாங்குற தாளை நின்னு படிங்க. படத்தை எங்கெல்லாம் பயன்படுத்துவாங்க, எத்தனை நாள் வேற சேனலுக்குப் போகக்கூடாது, போக்குவரத்துச் செலவு யாருது, காயம் பட்டா யார் பொறுப்பு, குழுவோட பேரைச் சொல்வாங்களா, இதெல்லாம் அதுல இருக்கும். பதிவுக் கட்டணம்னு யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க.

#15 பேரணாம்பட்டு_அம்மா
என் கேள்வி ஒண்ணு. பத்து வயசுப் பொண்ணையும் சமைக்கிறவங்களோட நிக்க வைக்கலாமா?

#16 ஃப்ளோர்_உதவி
பார்வையாளரா உட்காரலாம்மா. நிகழ்ச்சியில பங்கெடுக்க வைக்கணும்னா தயாரிப்பாளர் அந்த மாவட்ட ஆட்சியர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். குழந்தைத் தொழிலாளர் விதிகள்ல 2017-ல கொண்டுவந்த திருத்தப்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேலயும், ஓய்வு இல்லாம தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலயும் குழந்தையை வேலை வாங்கக் கூடாது. கடைசி நேரத்துல சேர்க்கிற விஷயமில்லை.

#17 ஆம்பூர்_தேக்சா
பயணம் பத்தி: வேலூர்ல இருந்து பூந்தமல்லிக்கு ரோடு வழியா 100 கிலோமீட்டருக்கு மேல. கறியை விடியற்காலையில வெட்டி வாங்கி, கழுவாம, ஐஸ் பெட்டியில அடியில ஒரு அடுக்கு ஐஸ், மேல ஒரு அடுக்கு ஐஸ் வெச்சுப் போங்க. 5 டிகிரிக்குக் கீழே இருக்கணும். மசாலா தடவி எடுத்துட்டுப் போகாதீங்க, தயிர் சேர்ந்து மூணு மணி நேரம் போனா மேல்பக்கம் வெளுத்து, எண்ணெயில போட்டதும் தண்ணி விடும். மிளகாய் விழுதை மட்டும் வீட்டுல அரைச்சு எடுங்க. கொஞ்சம் முழு மிளகாய் ஊறவெச்சும் எடுங்க, அரைக்கிறதைக் காட்டணும் இல்லையா. ரயில்ல போறதா இருந்தா காஸ் சிலிண்டருக்கு அனுமதி கிடையாது.

#18 காட்பாடி_தேவி
எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டேன். காந்தம் வெச்சுப் பார்த்தோம், செம்பு தேக்சா ரெண்டுலயும் ஒட்டலை. மேடையில வதக்குறதுக்கு எவர்சில்வர், பின் சமையலறையில தம்முக்குத் தேக்சான்னு பிரிச்சுக்கலாமா? ரெண்டும் வேற வேற நிறம் ஆச்சே.

#19 குடியாத்தம்_மாலதி
அப்படிப் பிரிச்சா தம் திறக்கிறப்ப வேற பாத்திரம்னு தெரியும் அக்கா. வதக்குறது எவர்சில்வர்ல நடக்கட்டும். "இதைத் தேக்சாவுக்கு மாத்தித் தம் போடுறோம்"னு கேமராவைப் பார்த்தே சொல்லி, கிரேவியைத் தேக்சாவுல கொட்டுற ஒரு ஷாட் எடுக்கச் சொல்லுங்க. பார்க்கிறவங்க கூடவே வந்துடுவாங்க. அரிசி புரட்டுறதும் தேக்சாவுல வர்றதால உங்களுக்கு மூணு தேக்சா வேணும், இன்னும் ஒண்ணு தேடுங்க. தேக்சாவோட வாய் அகலம் எவ்வளவு?

#20 காட்பாடி_தேவி
11 அங்குலம். மூணாவது, பக்கத்துத் தெருவுல ஒருத்தர்கிட்ட இருக்கு, அதே அளவு. ஆனா கலாய் தேய்ஞ்சு உள்ளே அங்கங்கே செம்பு தெரியுது.

#21 ஆம்பூர்_தேக்சா
கலாய் போன தேக்சாவுல தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் படக்கூடாது, செம்பு இறங்கும், கைக்கவும் செய்யும். இந்த வாரமே கலாய் பூசக் கொடுங்க. பூசி வந்ததும் சாம்பல் போட்டுத் தேய்ச்சு, ஒருதடவை தண்ணி கொதிக்கவெச்சுக் கொட்டிட்டுப் பயன்படுத்துங்க. 11 அங்குல வாய்க்கு மாவு 250 கிராம், சப்பாத்திக்குப் பிசையுறதைவிடக் கொஞ்சம் தளர்வா. ரெண்டு தேக்சா சீல் பண்ண அரைக் கிலோ கோதுமை மாவு, கையோட இன்னொரு கால் கிலோ.